களை

பால்மாவு கரைத்த வெள்ளைத் தண்ணீரில்
பதினேழாம் எண் சுண்டெலியை இறக்கிவிட்டுக்
கடிகாரத்தை அமுக்குகிறேன்.
அடியில் எங்கோ ஒரு கண்ணாடி மேடை.
நேற்றும் அங்கேதான் இருந்தது, முந்தாநாளும்.
சுவரில் ஒட்டிய முக்கோணம், வட்டம், ஒரு சிவப்புக் கோடு,
இவற்றை வைத்து அது கண்டுபிடிக்க வேண்டும்.
நாற்பத்தொரு விநாடி.
எழுதிக்கொள்கிறேன்.
துண்டால் துடைக்கும்போது உள்ளங்கைக்குள்
அதன் நெஞ்சு படபடக்கிறது.

நீல மூடிக் குப்பி, பச்சை மூடிக் குப்பி.
எதில் வல்லாரைச் சாறு, எதில் சாயமேற்றிய வெறும் நீர்
எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.
டாக்டர் சுவாவின் இழுப்பறையில் பூட்டியிருக்கிறது அந்தத் தாள்.
போன வருடம் நீர்ப்பிரமி.
அதற்கு முந்தைய வருடம் மஞ்சள்.
கட்டுரை எதுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்:
மேலும் ஆய்வு தேவை.
பதினோரு வருடமாக அந்த 'மேலும்' என்ற சொல்லில்தான்
எனக்குச் சம்பளம்.

ஈசூனில், ஒன்பதாம் மாடி.
மின்தூக்கி திறந்ததும் இடமா வலமா என்று
நிற்கிறார் வைரப்பன்.
முப்பத்திரண்டு வருடம் இந்தத் தீவின் புல்லை வெட்டியவர்.
விரைவுச்சாலை ஓரம், கால்வாய்க் கரை, பள்ளித் திடல்,
முதுகில் இயந்திரம், முகத்தில் வலை.
எந்த மழைக்குப் பிறகு எந்தச் சரிவு வழுக்கும் என்று
கேட்காமலே சொல்வார்.
பலதுறை மருந்தகத்தில் கடிகாரம் வரையச் சொன்னார்கள்.
பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி நிறுத்தினார்,
வேலை விடும் நேரத்துப் பேருந்தில் ஆட்களைப் போல.

எங்கள் கதவில் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டினேன்.
பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு முக்கோணம் ஒட்டிக்கொள்ளட்டுமா
என்று கேட்கப் போய்,
பாதி வழியில் வெட்கப்பட்டுத் திரும்பினேன்.

தேக்காவில் வல்லாரை கட்டு இரண்டு வெள்ளி.
எதிர்வீட்டு ரொஸ்னா பெகாகா என்கிறாள்,
சம்பாலோடு பச்சையாகவே கடிக்கச் சொல்கிறாள்.
வேரோடு வந்த ஐந்து துண்டுகளைப்
புளோக்கின் கீழே சமூகத் தோட்டத்தில்,
குலுக்கலில் எங்களுக்கு விழுந்த பாத்தியில் நட்டேன்.
ஆய்வகத்தில் வேலை செய்பவள் இதைச் செய்யக்கூடாது.
எத்தனை மில்லிகிராம்? யாரோடு ஒப்பிட்டு?
இன்னொரு வைரப்பனுக்கு வெறும் நீர் கொடுத்துப் பார்க்க
என் வீட்டில் ஆள் இல்லை.

துவையல். கூட்டு. தோசைமாவில் அரைத்து.
மூன்றாம் வாரம் ஒரு காலை
என் பெயரை முழுதாகச் சொன்னார்,
மங்கையர்க்கரசி, கோப்பில சீனி இல்லயே என்று.
நோட்டில் எழுதினேன், தேதி, நேரத்தோடு.
மறுநாள் என்னை மேடம் என்றார்.
அதையும் எழுதினேன்.

நேற்று மாலை
வாளியோடு குழாயடிக்குப் போய்த் திரும்புகிறேன்,
குந்தியிருக்கிறார், விரல்கள் மண்ணுக்குள்.
ஒவ்வொரு கொடியாகக் கணு பார்த்து, வேர் அறாமல்,
ஒரு துணுக்குகூட மிஞ்சாமல் உருவிக்
குவித்துவைத்திருக்கிறார் வல்லாரை முழுவதையும்.
"விட்டா புல்லயே தின்னுரும் மேடம்.
மேல வெட்டினா வேலைக்காவாது.
ஒரு கணு உள்ள கிடந்தாக்கூடப் போதும்,
பத்து நாள்ல திரும்பி வந்துரும்."
ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை.
ஆறு மாதத்தில் இவ்வளவு நீளமாய் அவர் பேசியதே இல்லை.

நோட்டு மாடியில் இருந்தது.
நான் போகவில்லை.
வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஓரத்தில் ஒரே ஒரு கொடி மிச்சம்.
எட்டிப் பிடித்து இழுத்தேன், பாதியில் அறுந்தது.
அவர் கையைத் தட்டி எழுந்து,
முழங்காலைத் தேய்த்துக்கொண்டு,
அடுத்து எந்த ரோடு என்று கேட்டார்.

குவியலில் பாதியை ரொஸ்னாவுக்குக் கொடுத்தேன்.
மீதி ராத்திரிக் கூட்டுக்கு.
அறுந்த நுனி மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது.
அவரிடம் சொல்லவில்லை.